மூன்றாவது மடிப்பின் கழுகு

மெக்கே ஓடை,
ஆகஸ்ட் 11

அன்புள்ள ரோ,

எப்படி இருக்கிறாய்? முதுகு வலி தேவலையா? இங்கே மூவரும் சுகம். மூவரில் ஒருவர் எப்போதும் கடலில்தான் என்பதைத் தவிர. ஜாரட்டுக்கு இந்த முறை பத்து நாள் மீன் கூண்டு வேலை. ரூஃபஸுக்கு ஏழு மாதம் முடிந்து ஒரு பல் வந்திருக்கிறது. மூச்சில் அந்த விசில் சத்தம் மட்டும் போகவில்லை. "வளர வளர சரியாப் போயிடும்" என்கிறார் டாக்டர். அவர் சொல்லும்போது நம்புகிறேன். காரில் ஏறியதும் நம்பிக்கை இறங்கிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எங்கள் பாதை முடிவில் பலகை நட்டுவிட்டார்கள். கூப்பு 14, மரம் வெட்ட ஒதுக்கிய பகுதி. வீட்டுக்குப் பின்னால் எழும் சரிவு முழுவதும், ஓடையின் தலை வரை. நவம்பரில் இயந்திரம் வருமாம்.

அந்த ஜனவரிக் கோடையின் தீ உனக்கு நினைவிருக்கும். மூன்று வாரம் மேற்கிலிருந்து எரிந்துகொண்டே வந்தது. வெட்டிவிட்டு வளர்ந்த இளங்காட்டையெல்லாம் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, இந்தச் சரிவின் ஈரத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஓரத்து மரப்பெரணிகள் கருகின, அவ்வளவுதான். எங்கள் வீடு இன்று நிற்பது அதனால். இப்போது கோடை ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் காய்கிறது. இந்த நேரம் பார்த்து அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அடுத்த முறை புகை வந்தால் இந்த மூச்சை வைத்துக்கொண்டு ரூஃபஸை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்?

பக்கத்து வீட்டு நெவில் நாற்பது வருஷம் மர லாரி ஓட்டியவர் அல்லவா, வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஏம்மா, உன் புள்ள தொட்டில் எதுல செஞ்சது? கடல்பாசியிலயா?" பிறகு அவரே, "ஆனா அந்தச் சரிவ விட்டிருக்கலாம். எங்க காலத்துலயே அதுல கை வெக்கல" என்றார்.

ஊர்க்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். டிசம்பர் 9-இல் விசாரணை. அதற்குள் வெட்டிவிட்டால் விசாரிக்க என்ன இருக்கும்? சரிவுக்கு மேலே இரண்டு கழுகுகள் எப்போதும் வட்டமிடுகின்றன. கூடு பார்ப்பதுதானே உன் வேலை. அங்கே கூடு இருக்கிறதா?

உன் தங்கை,
மார்னி


ஹோபார்ட்,
ஆகஸ்ட் 19

மார்னி,

நான் நலம். முதுகு அப்படியேதான். மருமகனின் பல்லுக்கு என் வாழ்த்து.

முதலில் ஒன்று. இதைப் பற்றி ஃபோனிலோ மின்னஞ்சலிலோ ஒரு வார்த்தை வேண்டாம். மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறேன், நீ அதே அலுவலகத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறாய். எழுதுவதானால் இப்படித் தாளில் எழுது, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கூடு இருக்கிறது. வரைபடத்திலும் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் விமானத்தில் போய்ப் பார்ப்போம். கூட்டில் பறவை உட்கார்ந்திருந்தாலோ குஞ்சு தெரிந்தாலோ 'உயிர்க்கூடு' என்று எழுதுவோம். எழுதிவிட்டால் ஜனவரி முடியும்வரை ஒரு கிலோமீட்டருக்குள் எந்த இயந்திரமும் வர முடியாது. உங்கள் டிசம்பர் 9 அதற்குள் வந்துவிடும்.

ஆக, அந்தப் பறவை உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை உட்கார விடுங்கள்.

குளிரில் கவனமாக இரு.

ரோவெனா


மெக்கே ஓடை,
செப்டம்பர் 2

அன்புள்ள ரோ,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டேன். நீ நலமாய் இருப்பதில் சந்தோஷம். இங்கே ரூஃபஸுக்கு மறுபடி சளி.

விமானத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியுமா? எவ்வளவு வேகத்தில் போவீர்கள்? ஒரு கிளை மறைத்தால்? அன்று மேகம் இருந்தால்? நீ போகாமல் வேறு யாராவது போய், அவருக்குத் தலைவலியாக இருந்து, 'இல்லை' என்று குறித்துவிட்டால்? இதையெல்லாம் ஜாரட்டிடம் கேட்டேன். "மார்ன், நீ புள்ளையத்தான் மணிக்கு ஒரு தடவ எழுப்பி மூச்சு வருதான்னு பாக்குற. கழுகையாவது தூங்க விடேன்" என்கிறான். அவனுக்குச் சிரிப்பு. தூங்கும் குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கூடு உயிரோடு இருக்கிறது என்று இப்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

மார்னி


ஹோபார்ட்,
செப்டம்பர் 12

மார்னி,

ரூஃபஸின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் அவனுக்கு ஒரு தொப்பி. என் பழைய பச்சை ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னியது. இடது காது வலது காதைவிடப் பெரிதாகிவிட்டது. அவிழ்க்கப் பொறுமையில்லை. நாய்க்குட்டி மாதிரி இருப்பான்.

விமானத்தில் தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரியும். எல்லா நேரமும் தெரியாது. போன வருஷம் இரண்டு கூடுகளைத் தவறவிட்டோம். ஆனால் இந்தக் கூடு நல்ல இடத்தில் இருக்கிறது. பழைய தண்டவாளத் தடத்துக்கு மேலே சரிவின் மூன்றாவது மடிப்பு, காற்றுப் படாத பக்கம். எனக்கு மனப்பாடம். தான் உட்கார்ந்திருக்கும் கூட்டில் பறவை யூகலிப்டஸின் பச்சை இலைகளை ஒடித்து வந்து புதிது புதிதாக விரித்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்கையில் அந்தப் பச்சைதான் அடையாளம். விட்டுப் போன கூட்டில் இலை காய்ந்து பழுப்பாகிவிடும்.

இப்போது முட்டை இட்டிருக்கும். கோழி மாதிரி நினைக்காதே. நடந்து வரும் மனிதரைக் கண்டால் எழுந்துவிடும். எழுந்தால் மனிதர் போகும்வரை இறங்காது. இந்தக் குளிரில் ஒரு மணி நேரம் போதும், முட்டை செத்துவிடும். நான் இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இந்த மாதத்தில் நானே அருகில் போவதில்லை.

உன் குழுவிலும் சொல்லி வை.

ரோவெனா


மெக்கே ஓடை,
செப்டம்பர் 25

அன்புள்ள ரோ,

நலம். நீயும் நலம்தானே. தொப்பி வந்தது, மிகவும் நன்றி. பார்த்த எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே திங்கட்கிழமை ஆலங்கட்டி மழை. பிறகு வெயில். பிறகு மறுபடி மழை. செப்டம்பர் எப்போதும் இப்படித்தான்.

கூட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அது உயிரோடுதான் இருக்கிறது. நான் இனிமேல் உன்னைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ரூஃபஸ் எழுந்துவிட்டான்.

மார்னி


ஹோபார்ட்,
அக்டோபர் 3

மார்னி,

இங்கே சுகம். உன் கடிதம் இத்தனை சின்னதாய் வந்து நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கூடு உயிரோடு இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?

ரோ


மெக்கே ஓடை,
அக்டோபர் 20

அன்புள்ள ரோ,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ரூஃபஸுக்கு நெஞ்சில் சளி கட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது தேறிவிட்டான். இரண்டாவது பல்லும் வந்துவிட்டது.

கூடு பற்றிக் கேட்டிருந்தாய். சும்மா ஒரு நம்பிக்கையில் எழுதியதுதான். கழுகுகள் மேலே சுற்றுவதைப் பார்க்கிறோமே, அதை வைத்து. யாரும் எங்கும் போகவில்லை.

ஒரு வருத்தமான செய்தி. நீ பின்னிய தொப்பி போய்விட்டது. டோவர் படகுத்துறையில் ஜாரட்டை அழைத்து வரப் போயிருந்தோம், காற்று பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டது. ரூஃபஸ் அது மிதந்து போவதைப் பார்த்துக் கைதட்டினான். கோபித்துக்கொள்ளாதே.

விமானம் எப்போது?

மார்னி


ஹோபார்ட்,
அக்டோபர் 31

மார்னி,

ரூஃபஸ் தேறியது நிம்மதி. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

27-ஆம் தேதி பறந்தோம். மூன்றாவது மடிப்பில் பறவை இல்லை. இரண்டு முறை திரும்பி வந்து பார்த்தோம். கூட்டில் இலை பழுப்பு. என் மேலதிகாரி கிரெய்க் அப்போதே பேனாவை எடுத்தார். "நடந்து போய் ஒரு தடவ பாத்துடுறேன் கிரெய்க், விட்டுப் போன கூடுதானே, இனி யாருக்கும் கெடுதல் இல்ல" என்றேன். "உன் முதுகு, உன் இஷ்டம்" என்றார்.

29-ஆம் தேதி தனியாகப் போனேன். கயிறு கட்டி ஏறினேன். ஒரே ஒரு முட்டை. கூழாங்கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. இறங்கி மரத்தடியையும் சுற்றிப் பார்த்தேன்.

கவனமாகக் கேள். விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. மனிதர் அருகில் போனதால் பறவை கூட்டை விட்டது என்று உறுதியானால், அந்தப் பருவம் முடியும்வரை அது உயிர்க்கூடாகவே கணக்கு. வேண்டுமென்றே விரட்டிவிட்டு வெட்ட வருபவர்களைத் தடுப்பதற்காகப் போட்ட பிரிவு. யார் போனாலும் அது பொருந்தும். ஆனால் மொட்டைக் கடிதம் எடுபடாது. யார், எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று போனவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போனவர்மேல் வழக்கு வரும், அபராதமும் வரும். காடு ஜனவரி வரை நிற்கும்.

என் அறிக்கையை நவம்பர் 7 வரை கையில் வைத்திருக்க முடியும். உங்கள் குழுவில் யாராவது, அல்லது பாதை தவறிய யாராவது, யாராக இருந்தாலும் சரி, எழுதச் சொல். நான் யாரையும் திட்ட மாட்டேன். சத்தியமாகத் திட்ட மாட்டேன்.

தொப்பி போனதில் வருத்தம்தான். வேறு பின்ன அந்தப் பச்சை நூல் இல்லை.

உன் அக்கா


மெக்கே ஓடை,
நவம்பர் 4

ரோவெனா,

நாங்கள் நலம். நீ கேட்டாய் என்பதால் சொல்கிறேன்.

யாரும் போகவில்லை. எத்தனை தடவை சொல்வது? உங்கள் விமானத்தின் இரைச்சலில் பறவை ஓடியிருக்கும், அதை ஏன் விசாரிக்கவில்லை? பலகை நட வந்தவர்கள் ஜீப்பில் எவ்வளவு தூரம் மேலே போனார்கள் என்று கேட்டீர்களா? இல்லை. ஊர்க்காரர்களில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அப்போதுதானே நாளைக்குப் பத்திரிகையில், "காட்டைக் காக்கிறேன் என்றவர்களே கழுகைக் கொன்றார்கள்" என்று போடலாம்? குழுவில் இருபது வருஷமாக இந்தச் சரிவுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லாமல், நீ சொன்ன பிரிவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெப்ரா மட்டும், "அவ்வளவு முட்டாளா யாரு இருப்பா?" என்றாள்.

'உயிர்க்கூடு' என்று எழுத உன்னால் முடியும். ஒரு வார்த்தை. உனக்கு அந்த ஒரு வார்த்தையைவிட வேலை பெரிது.

மார்னி


மெக்கே ஓடை,
நவம்பர் 28

ரோவெனா,

நீ பதில் எழுதவில்லை. தேவையுமில்லை. உன் பதிலைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். 'கூடு செயலற்றது. காரணம் தெரியவில்லை.' கீழே உன் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் என் விடுப்புக் கடிதங்களுக்கு அம்மா மாதிரிப் போடுவாயே, அதே அழகான கையெழுத்து.

17-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு இயந்திரங்கள் வந்தன. கோடரி, ரம்பம் என்று நாம் சின்ன வயதில் கற்பனை செய்ததெல்லாம் இல்லை. ஒரு கை வந்து மரத்தைப் பிடிக்கிறது, அறுக்கிறது, படுக்க வைக்கிறது. சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே எண்ணலாம். பெரிய மரங்களுக்கு மட்டும் ஆள் இறங்கி அறுக்கிறான். அது விழும்போது ரூஃபஸின் கிலுகிலுப்பை தானாகக் குலுங்குகிறது. முதல் நாள் அவன் அழுதான். மூன்றாம் நாள் தூங்கிவிட்டான். அவன் பழகிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று மூன்றாவது மடிப்பையும் முடித்துவிட்டார்கள். சட்டப்படி கூட்டு மரத்தையும் சுற்றி ஒரு திட்டையும் விட்டிருக்கிறார்கள். மொட்டைத் தலையில் ஒரு குடுமி. இனி எந்தக் கழுகு அங்கே உட்காரும்? மரப்பெரணிகள் வெயில் பட்ட இரண்டே நாளில் சுருண்டுவிட்டன. பாசியை மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

நெவில் வேலிக்கு வந்தார். ஏதாவது குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். "தண்ணித் தொட்டிய நிரப்பி வெச்சுக்கோம்மா. இனிமே தீ வந்தா உன் வாசல்லதான் வந்து நிக்கும்" என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

கிறிஸ்துமஸுக்கு வராதே. மகனுக்கு உன்னை யார் என்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்னி


ஹோபார்ட்,
டிசம்பர் 12

மார்னி,

எல்லோரும் நலமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 9-ஆம் தேதி கோர்ட்டில் நடந்ததைச் செய்தியில் படித்தேன். வெட்டி முடித்த காட்டுக்குத் தடை கேட்க முடியாது என்று பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்களாம்.

இத்துடன் உள்ளதைப் பிரித்துப் பார். இடது காது பெரிது.

அக்டோபர் 29-ஆம் தேதி, கூட்டு மரத்திலிருந்து நாற்பது அடியில், மரப்பெரணி வேரில் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் மரம் ஏறினேன். பிறகு உனக்கு எழுதிவிட்டு ஏழு நாள் காத்திருந்தேன். தினமும் தபால் பெட்டியைத் திறந்தேன். உன் கடிதம் வந்தது. அதில் யாரும் போகவில்லை என்று இருந்தது.

நான் நல்லவள் என்று சொல்ல இதை அனுப்பவில்லை. தொப்பியை மேசையில் வைத்திருந்தால் விசாரித்து முடிக்கும்வரையாவது காடு நின்றிருக்கும். வைத்தால் யாருடையது என்று கேட்பார்கள். கூட்டின் இடம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்த நிமிடம் கேட்பார்கள். மூன்றாவது மடிப்பு, காற்றுப் படாத பக்கம் என்று உனக்கு எழுதியது என் கை. பச்சை இலையைப் பற்றி ஆசை காட்டியதும் அதே கை. வேலைக்குப் பயந்தேனா, உன்மேல் வழக்கு வருமே என்று பயந்தேனா என்று இத்தனை நாளாக எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது.

நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். நான் மறைப்பேன் என்று நீ காத்திருந்தாயோ என்னவோ. இயந்திரம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

தொப்பியைத் துவைக்கவில்லை.

ரோவெனா


மெக்கே ஓடை,
பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு மாதம் கழித்துக் கேட்கிறேன், கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இங்கே ஆறு வாரமாக மழை இல்லை. போன செவ்வாய்க்கிழமை மழையில்லாத மின்னல் விழுந்து மேற்கே இரண்டு இடத்தில் தீ. வெட்டிய சரிவில் கிளைகளும் பட்டைகளும் இடுப்பளவு காய்ந்து கிடக்கின்றன. வாசலில் பை கட்டி வைத்திருக்கிறேன். ரூஃபஸ் இப்போது நடக்கிறான். அந்தப் பையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தொப்பி அவனுக்கு இனிச் சேராது.

நீ கேட்டிருந்ததை எழுதியிருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாததால் உனக்கு அனுப்புகிறேன். கிரெய்க்கிடம் கொடுப்பதானாலும் கொடு. அடுப்பில் போடுவதானாலும் போடு.

மெக்கே ஓடையில் வசிக்கும் மார்னி ஹோல்கேட் ஆகிய நான் எழுதிக்கொடுப்பது.

செப்டம்பர் 21, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, பழைய தண்டவாளத் தடத்துக்கு மேலே மூன்றாவது மடிப்புக்குப் போனேன். என் எட்டு மாதக் குழந்தையை மார்பில் கட்டியிருந்தேன். வேறு யாரும் உடன் வரவில்லை. யாரும் அனுப்பவில்லை. கூட்டில் பச்சை இலை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இருந்தது. பறவையும் இருந்தது. அதன் தலை மட்டும் தெரிந்தது. நான் திரும்பியிருப்பேன். குழந்தை இருமினான். பறவை எழுந்து போனது.

அது திரும்பி வந்து உட்காருவதைப் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. முட்டை குளிர்ந்துவிடுமே என்று பயமாக இருந்தது. அதனால் மரத்துக்குப் பக்கத்து மேட்டிலேயே காத்திருந்தேன். ஆலங்கட்டி மழை பெய்தது. குழந்தைக்கு அங்கேயே பால் கொடுத்தேன், அப்போது தொப்பி விழுந்திருக்க வேண்டும். பறவை மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை. நான் போனால்தான் இறங்கும் என்று என் அக்கா எழுதியிருந்தாள். அது நினைவில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம், இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று நின்றேன்.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு அங்கிருந்து கிளம்பினேன்.

மேலே எழுதியது உண்மை.

மார்னி ஹோல்கேட்